ஆறாம் நம்பர் துளை

ஜுவைரியா அந்த அறிக்கையைப் படிப்பதற்காகக் கையில் எடுக்கவில்லை. மூன்று பிரதி அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, சாலைத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். காரைக்கால் தருமபுரத்தில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த மண் பரிசோதனைக் கம்பெனியின் கிளையில் மொத்தமே ஐந்து பேர். பியூன் வேலையையும் அவர்களே பகிர்ந்து பார்த்துக்கொள்வதுதான் வழக்கம். பிரிண்டரிலிருந்து வந்து விழுந்த தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவளின் கண்ணில் ஒரு பக்கத்தின் அடியில் தன் பெயர் பட்டது. ‘களத்தில் பதிவு செய்தவர்: ஜுவைரியா.’ பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. தலைப்பில், துளை எண் ஆறு.

தன் வேலைதானே என்று சும்மா ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தவள் கையிலிருந்த மற்றத் தாள்களைக் கீழே வைத்தாள்.

மூன்று மீட்டர் ஆழத்தில் சுத்தியல் அடி பதினொன்று. நாலரை மீட்டரில் பதின்மூன்று. ஆறு மீட்டரில் பதினாறு. ‘பழுப்பு நிறக் கெட்டிக் களிமண்.’

அவள் எழுதிக் கொடுத்தது இது இல்லை. அவள் எழுதியது பூஜ்ஜியம். மூன்றில் பூஜ்ஜியம், நாலரையில் பூஜ்ஜியம், ஆறில் பூஜ்ஜியம். ‘கறுத்த, மிகவும் இளகிய களி. கிளிஞ்சல் துணுக்குகள். அழுகிய வாடை.’ அதை எழுதிய நாளும் நேரமும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். சுரக்குடிப் பக்கம், வயல்வெளி நடுவே மேட்டு மண்ணில் போட்ட இரண்டாம் நம்பர் துளையின் பக்கம் வந்தது. பதினொன்று, பதின்மூன்று, பதினாறு. பழுப்பு நிறக் கெட்டிக் களிமண். நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் இடத்து மண்ணை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து வாய்க்கால் கரையில் வைத்துவிட்டு, அதன் அடியில் அவள் கையெழுத்தையும் ஒட்டிவிட்டார்கள். அவளைக் கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. போதாதற்கு அவள் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கவும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் சாலையைக் காரைக்காலில் தெரியாதவர்கள் இல்லை. சுரக்குடிப் பக்கமிருந்து கிழக்கே வந்து, கோவில்பத்தைச் சுற்றிக்கொண்டு கடலோரம் போய்ச் சேரும் ஒற்றைவழிச் சாலை. ஐப்பசி பிறந்தால் அதில் பாதி தண்ணீருக்குள் போய்விடும். ஆபீஸ் போகிறவர்கள் பைக்கைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள், பஸ் வராது. அதை அகலப்படுத்தி, உயர்த்தி, வாய்க்காலின் மேல் புதுப் பாலம் கட்ட வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை. இப்போதுதான் ஒப்புதல் வந்து, வரைபடம் போடுவதற்கு முன் மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க பதினான்கு இடங்களில் துளை போட்டார்கள். அதில் ஆறாவது, பாலத்துக்கு ஏறும் இடத்தில். அங்கேதான் சாலையை ஐந்து மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கப் போகிறார்கள். அந்த மேட்டின் அடியில், வாய்க்கால் வளைவை ஒட்டி ஒன்பது வீடுகள்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் துளை போட்டார்கள். இயந்திரம் ஓட்டியவர் முத்தையன். இருபது வருடமாகத் துளை போடுகிற மனிதர். மூன்று இரும்புக் கால்களை ஊன்றி நிறுத்தி, வின்ச்சில் கயிறு கட்டி, அறுபத்து மூன்றரை கிலோ சுத்தியலைத் தூக்கித் தூக்கிப் போட்டு, கீழே இருக்கும் குழாய் ஓர் அடி ஆழம் இறங்க எத்தனை முறை சுத்தியல் விழுகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. நல்ல மண் என்றால் பத்து, பதினைந்து, இருபது என்று எண்ணிக்கை ஏறும். மண் எவ்வளவு இளகலோ, எண் அவ்வளவு குறையும்.

அன்றைக்கு மூன்று மீட்டரில் குழாயை இறக்கி, சுத்தியலை அடிப்பதற்காக, குழாயோடு இணைத்த கம்பியின் தலையில் வைத்தார் முத்தையன். வைத்ததுதான் தாமதம். அடிக்கவே இல்லை, கம்பி தானாக இறங்கியது. சாக்குக் கட்டியால் போட்டிருந்த மூன்று கோடுகளும் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் மறைந்தன.

“மேடம், நான் கையே வைக்கல,” என்றார் முத்தையன். “சுத்தியலு கனத்துக்கே போவுது.”

“இன்னொரு தடவ பாப்போம்ண்ணே. ஒன்றரை மீட்டர் கீழ போங்க.”

நாலரையிலும் அப்படியே. ஆறிலும் அப்படியே. மண் கெடாமல் எடுப்பதற்கான மெல்லிய குழாயை இறக்கித் தூக்கினால், பாதி தூரம் வருவதற்குள் உள்ளிருந்த களி வழுக்கி மறுபடி துளைக்குள்ளேயே விழுந்தது. மூன்றாவது முயற்சியில்தான் ஒரு குழாய் நிறையக் கிடைத்தது. மோந்து பார்த்த முத்தையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதின்மூன்று மீட்டர் போன பிறகுதான் மணல் தட்டி, சுத்தியல் சத்தம் மாறியது. ஒவ்வோர் ஆழத்திலும் சிலேட்டில் துளை எண்ணும் ஆழமும் எழுதி, அதை மண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஜுவைரியா போட்டோ எடுத்தாள். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஒன்பது வீடுகளில் முதல் வீட்டுக்காரி திரிபுரசுந்தரி. அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். மதியம் வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக்கூட உள்ளே வைக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ரோடு எங்க வீட்டுக்கு எவ்ளோ கிட்டக்க வரும்?”

“மேட்டோட அடி உங்க காம்பவுண்டுலேர்ந்து பன்னண்டு அடியில நிக்கும்க்கா.”

“அவ்ளோ மண்ணக் கொட்டுனா எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? போன வருசம் வாய்க்கால் தூர்வாருன மண்ண இந்த ஓரத்துல குமிச்சி வச்சாங்க. அதுக்கே பின்பக்கச் செவுரு வெடிச்சிப்போச்சு. இந்தா பாரு.”

ஜுவைரியா போய்ப் பார்த்தாள். சமையலறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சிமெண்ட் வைத்துப் பூசியும் மறுபடி வாய் பிளந்திருந்தது.

“அதப் பாக்கத்தாங்க்கா வந்துருக்கோம். மண்ணு சரியில்லன்னா அதுக்கு ஏத்த மாரி வழி பண்ணிட்டுத்தான் மேடு போடுவாங்க.”

அப்படித்தான் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள்.

இப்போது இரண்டு பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, ஆறாம் நம்பர் பக்கத்தோடு கிளை மேலாளர் சிவநாதனின் அறைக்குள் போனாள். அவர் நல்லவிதமாகப் பேசுகிறவர். எதற்கும் குரல் உயர்த்த மாட்டார்.

“சார், ஆறாம் நம்பர்ல ரெண்டாம் நம்பரோட ரீடிங் வந்துருக்கு.”

அவர் பார்க்கவே இல்லை. “தெரியும்ங்க.”

தெரியாது என்பார், தட்டச்சில் பிழை என்பார் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். “தெரியும்னா?”

“உக்காருங்க. பூஜ்ஜியம்னு எழுதுனா என்ன ஆவும்? அந்த எடத்துல மண்ணுக்குள்ள வடிகால் பட்டைய எறக்கி, தண்ணிய வடிய விட்டு, கொஞ்சம் கொஞ்சமா மேடு போட்டு, ஆறு மாசம் எட்டு மாசம் காத்திருந்து அப்பறம்தான் ரோடு. துறையில அதுக்கு நேரமில்லைங்க. திருப்பிப் புது மதிப்பீடு போடச் சொல்லுவாங்க, மொத்தத் திட்டமும் நின்னுபோவும். ஊருக்கு ரோடு வேணுமா வேணாமா?”

“ரோடு வேணும் சார். சாயாத ரோடு வேணும். அந்தக் களியில மூணு மீட்டர் ஏத்துறதுக்குள்ளயே சரியும். மேடு உள்ள அமுங்குனா பக்கத்துத் தரை மேல பொங்கும். அங்க ஒன்பது வீடு இருக்கு.”

“உங்க துளையில கேசிங் குழாய் சரியா எறங்கல. பக்கவாட்டு மண்ணு இடிஞ்சி விழுந்து கலங்கிப்போச்சு. அதனாலதான் பூஜ்ஜியம் வந்துது. அப்புடித்தான் நான் எடுத்துக்கிட்டேன்.”

“அப்ப திருப்பிப் போட்டுப் பாத்துருக்கணும். வேற எடத்துத் துளையக் காப்பி அடிப்பீங்களா? அதுவும் என் கையெழுத்தோட?”

“எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து ஸ்கேன் பண்ணித்தான் போடுறோம். புதுசா என்ன?” சிவநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். “மூணு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணும்ங்க.”

அவள் கொடுக்கவில்லை. தாளை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அரை மணி நேரத்தில் வேறொருவர் அந்த மூன்று பிரதிகளையும் எடுத்துக்கொண்டு பைக்கில் போனார். பின்பக்க அறைக்குப் போய் மாதிரி மண் அடுக்கியிருக்கும் அலமாரியைத் திறந்தாள். ஐந்தாம் நம்பர் ஜாடிகள் இருந்தன, ஏழாம் நம்பர் இருந்தன. நடுவில் வெறும் பலகை. களப் பதிவேட்டைக் கேட்டால், ‘தலைமை ஆபீசுக்குப் போயிருக்கு’ என்றார்கள்.

அன்று மாலை அவள் கணவன் அஜ்மீர் தோஹாவிலிருந்து வீடியோவில் வந்தான். அவனும் கட்டட வேலையில் மேற்பார்வையாளன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில், “உட்டுரு ஜுவை,” என்றான். “நம்ம எழுதுனத நம்ம எழுதிட்டோம். மேல உள்ளவன் மாத்துனா அவன் பாவம்.”

“அடியில என் பேரு இருக்கு மச்சான். நாளைக்கி சரிஞ்சா, யாரு மண்ணப் பாத்தான்னுதானே கேப்பாங்க? அந்தம்மா என்ன வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி செவத்தக் காட்டிச்சி. நான் அதுகிட்ட வாயத் தொறந்து சொல்லிருக்கேன்.”

“மேட்டுக்கும் அந்தம்மா வீட்டுக்கும் எவ்ளோ தூரம்?”

“பன்னண்டு அடி.”

ஐந்து மீட்டர் மண் மேட்டுக்குப் பன்னிரண்டு அடி தள்ளி வீடு என்றால் என்னவென்று அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. “அப்ப எழுதிக் குடு,” என்றான். “வாயால சொல்லாத. எழுதிக் குடுத்து முத்திர வாங்கு.”

மறுநாள் அவள் எழுதினாள். இரண்டு பக்கம். ஒவ்வோர் ஆழத்துக்கும் தான் எழுதிய எண், அறிக்கையில் இருக்கும் எண், இரண்டாம் நம்பர் துளையின் எண், மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினாள். சிலேட்டுடன் எடுத்த பதினோரு போட்டோக்களையும் சேர்த்தாள். சாலைத் துறையில் அந்தத் திட்டத்தைப் பார்க்கும் உதவிப் பொறியாளர் ஹரிஹரனிடம் நேரில் கொடுத்தாள். இளைஞர். மரியாதையாக எழுந்து நின்று வாங்கினார். போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“சீரியசா இருக்கே மேடம்,” என்றார். “நான் மேல வைக்கிறேன்.”

பத்து நாளில் பதில் வந்தது. ஆனால் துறையிடமிருந்து வரவில்லை. அவளுடைய கம்பெனியிலிருந்து வந்தது. யாரைப் பற்றி அவள் புகார் எழுதினாளோ அவர்களிடமே துறையினர் கடிதத்தை அனுப்பி, ‘தங்கள் விளக்கம் தேவை’ என்று கேட்டிருந்தார்கள். கம்பெனி விளக்கம் கொடுத்துவிட்டது. அதன் நகல் ஒன்றையும் வேலைநீக்க உத்தரவு ஒன்றையும் ஒரே உறைக்குள் போட்டு அவளுக்கு அனுப்பியிருந்தது.

விளக்கத்தை நின்றுகொண்டே படித்தாள். ‘மேற்படி ஊழியர் ஆறாம் எண் துளை போடப்பட்ட நாளில் விடுப்பில் இருந்தார். வருகைப் பதிவேட்டின் நகல் இணைப்பு. அந்தத் துளை பற்றி அவருக்கு நேரடியாக எதுவும் தெரியாது. நிர்வாகத்தின் மேல் உள்ள சொந்த மனக்கசப்பால், வேறெங்கோ எடுத்த படங்களை வைத்து இவ்வாறு எழுதியிருக்கிறார்.’

விடுப்பு! வெயிலில் காலை ஏழு மணியிலிருந்து அந்தி வரை வாய்க்கால் கரையில் நின்றவள். குடிக்கத் தண்ணீர் தீர்ந்து திரிபுரசுந்தரி வீட்டில் வாங்கிக் குடித்தவள். செருப்பில் ஒட்டிய களி மூன்று நாள் கழுவியும் வாடை போகாமல் தூக்கிப் போட்டவள். அவளுக்கு அழுகை வரவில்லை. காது மடல்கள் சுட்டன. ஏழு வருடம் இவர்களுக்காக வயலிலும் சேற்றிலும் நின்றிருக்கிறாள். ஒருநாள் ஒரு எண்ணைக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை.

முத்தையனுக்கு போன் செய்தாள். அவர் திருநள்ளாறு பக்கம் வேறொரு கட்டடத்துக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் இயந்திரச் சத்தம்.

“நீங்க அன்னிக்கு வந்தீங்கன்னு நான் சொல்லணுமா மேடம்?”

“உண்மையச் சொன்னாப் போதும்ண்ணே.”

“எனக்கு ரெண்டு பொண்ணு. இந்தக் கம்பெனி விட்டா வேற எவன் கூப்புடுவான்?” என்றார். சற்று விட்டு, “நான் என்னத்தச் சொல்றது மேடம்,” என்றார். இணைப்பு துண்டானது. அவள் திரும்பக் கூப்பிடவில்லை. அவரைக் கோபித்துக்கொள்ளவும் அவளுக்கு மனம் வரவில்லை. கோபம் எல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை, வாய்க்கால் வளைவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். திரிபுரசுந்தரிதான் ஜுவைரியாவுக்குச் சொன்னாள். அதற்குள் விஷயம் முழுவதும் அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது, ஜுவைரியாவே போய்ச் சொல்லியிருந்தாள். ‘நான் சொன்ன மாரி நடக்கலக்கா’ என்று சொல்லும்போதுதான் ஜுவைரியாவுக்கு முதல்முறையாகக் கண் கலங்கியது.

மேசைக்குப் பின்னால் துறையின் செயற்பொறியாளர், ஹரிஹரன், கம்பெனி சார்பில் சிவநாதன். திரையில் பாலத்தின் படம். படத்தில் மேட்டின் இரு பக்கமும் புல்லும் பூச்செடியும் வரைந்திருந்தார்கள். ஒன்பது வீடுகளைக் காணோம்.

கேள்வி நேரம் வந்ததும் திரிபுரசுந்தரி எழுந்தாள். “மண்ணு நல்லாருக்குன்னு சொல்றீங்க. எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல தொள போட்டப்ப நான் நின்னு பாத்தேன். சுத்தியல வச்சா கம்பி தானா போச்சு. அது நல்ல மண்ணுங்களா?”

சிவநாதன் சிரித்த முகத்துடன் ஒலிபெருக்கியை வாங்கினார். “அம்மா, பாக்குறவங்களுக்கு அப்புடித்தான் தெரியும். அது தொழில்நுட்ப விஷயம். எங்க என்ஜினியர் பக்கத்துல நின்னு பாத்து, பதிவு பண்ணி, கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்துருக்காங்க.”

ஜுவைரியா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தாள். கையில் இரண்டே தாள்.

“அந்த என்ஜினியர் நான்தாங்க,” என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். “ஹரிஹரன் சார், இது நீங்க துறையில வாங்கி வச்சிருக்குற அறிக்கையோட பக்கம். கீழ யாரு பேரு இருக்கு?”

ஹரிஹரன் செயற்பொறியாளரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். “ஜுவைரியான்னு இருக்கு,” என்றார் ஹரிஹரன்.

“இது கம்பெனி உங்களுக்கு எழுதுன விளக்கம். அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு போட்டுருக்கு?”

அவர் படித்தார். படித்தவர் ஒரு கணம் நிறுத்தி, மறுபடி மெதுவாகப் படித்தார். “விடுப்பில் இருந்தார்.”

“நான் லீவுல இருந்தேன்னா இந்தக் கையெழுத்து யாரு போட்டது? நான் அங்க இருந்தேன்னா, என்ன லீவுன்னு எழுதுனது யாரு? ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு அவங்களே சொல்லட்டும். ரெண்டுக்கும் அவங்க கம்பெனி முத்திரைதான் இருக்கு. ரெண்டும் உங்க பைல்லதான் இருக்கு, ஒருத்தரும் பக்கத்துல வச்சிப் பாக்கல!”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. சிவநாதன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, “அலுவலகத் தவறு... கிளெரிக்கல்...” என்று தொடங்கினார். குரல் உயர்த்தாத மனிதர் அன்று உயர்த்த வேண்டியிருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. யாரோ, “எது சார் கிளெரிக்கல்லு, எங்க வீடா?” என்று கத்தினார்கள்.

செயற்பொறியாளர் கையைத் தூக்கி அமைதிப்படுத்தினார். “போட்டோ இருக்கு, பதிவேடு இல்லை. ஒருத்தர் ஒண்ணு சொல்றார், இன்னொருத்தர் ஒண்ணு சொல்றார். நாங்க விசாரிக்கிறோம்.”

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “எதுக்குங்கய்யா விசாரணை?”

முத்தையன். சட்டையில் மண்கறையோடு, உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சிவநாதன் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

“தொள போட்டது நான். இந்தம்மா காலையிலேர்ந்து நின்னுச்சு. இந்தா இருக்கு எடம். மிஷினு திருநள்ளாத்துல வேல முடிஞ்சி நிக்கிது. திங்கக்கெழம கொண்டாந்து போடுறேன். எல்லாரும் வந்து நின்னு பாருங்க. நான் சொல்றது பொய்யா இருந்தா அந்த மண்ணே சொல்லிரும்.”

செயற்பொறியாளருக்கு வேறு வழியிருக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாய்க்கால் கரையில் இரும்பு முக்காலி நின்றது. பழைய துளையிலிருந்து ஆறடி தள்ளிப் புதிய இடம் குறித்தார்கள். கேசிங் சரியில்லை என்ற பேச்சே வரக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு குழாயாக இறக்கும்போதும் அளந்து பார்க்குமாறு ஹரிஹரனிடம் டேப்பைக் கொடுத்தாள் ஜுவைரியா. அவர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அளந்தார். சுரக்குடியிலிருந்துகூட விவசாயிகள் வந்திருந்தார்கள். ஆபீஸ் போகிறவர்கள் பைக்கை ஓரம் கட்டிவிட்டு நின்றார்கள். நூறு பேருக்குக் குறையாது.

மூன்று மீட்டர். கம்பியில் மூன்று கோடு போட்டார் முத்தையன். சுத்தியலைத் தூக்கி, மெல்லக் கம்பியின் தலையில் அமர வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

கம்பி இறங்கியது. முதல் கோடு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதும் போன பிறகும் நிற்காமல் இன்னும் ஒரு சாண் போனது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பம்ப்செட் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“எத்தன அடி சார்?” என்று ஜுவைரியா கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல,” என்றார் ஹரிஹரன்.

“எழுதுங்க.”

அவர் எழுதினார். நாலரையிலும் எழுதினார். ஆறிலும் எழுதினார். மேலே வந்த களியைத் தகரத் தட்டில் கொட்டியபோது அது தட்டின் வடிவத்துக்குப் பரவிக்கொண்டது. ஒரு விவசாயி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “இதும் மேல அஞ்சு மீட்டரா?” என்று கேட்டார். செயற்பொறியாளர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். சிவநாதன் வரவே இல்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. பாலத்துப் பகுதிக்கு மட்டும் வரைபடத்தை நிறுத்திவைத்தார்கள். மற்ற இடங்களில் வேலை தொடங்கியது. வளைவில் மண்ணுக்குள் பட்டைகளை இறக்கி நீரை வடித்துப் படிப்படியாக மேடு போடுவது என்று முடிவானது. வீடுகளிலிருந்து மேட்டைத் தள்ளி வைக்கவும் ஒத்துக்கொண்டார்கள். துறையின் செய்திக்குறிப்பில், ‘மறுசோதனைக்கு முழு ஒத்துழைப்பு நல்கிய நிறுவனத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த அன்று ஜுவைரியா போனைப் படுக்கையில் எறிந்தாள். சிவநாதனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். மாற்றலோடு பதவி உயர்வும் கொடுத்தார்கள். முத்தையனைக் கம்பெனி பிறகு கூப்பிடவில்லை. அவர் நாகப்பட்டினத்தில் வேறொருவரிடம் போய்ச் சேர்ந்தார்.

கையெழுத்து மோசடி என்று அவள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். “அதான் அறிக்கையத் திருத்திட்டாங்களேம்மா, இன்னும் என்ன?” என்றார் அங்கிருந்தவர். “ரோட்டத் திருத்திட்டாங்க சார். என் பேர வச்சிப் பொய் சொன்னத யாரு திருத்துனா?” என்று கேட்டு, மனு ரசீது கைக்கு வரும்வரை இரண்டு மணி நேரம் பெஞ்சை விட்டு எழவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு ஒரு பொறியியல் கல்லூரியின் மண் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. கோவில்பத்து நிறுத்தத்தில் காலை பஸ் ஏற வேண்டும். புரட்டாசி கடைசியில் மழை தொடங்கி, பழைய சாலையில் வழக்கம்போல் தண்ணீர் நின்றது. ஒருநாள் பஸ் முக்கால் மணி நேரம் வரவில்லை. நிறுத்தத்தில் நின்றிருந்த ஒருவர், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, யாரிடமென்றில்லாமல் சொன்னார்: “இந்நேரம் பாலம் முடிஞ்சிருக்கும். ஏதோ ஒரு பொம்பள கேஸ் போட்டு நிறுத்திட்டாளாம். அவளுக்கென்ன, நம்ம தண்ணியில நிக்கிறோம்.”

ஜுவைரியா குடையை மடக்கினாள். காலணிகளைக் கழற்றாமலே அந்தத் தண்ணீரில் இறங்கி, இரண்டு எட்டு வைத்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“அந்தப் பொம்பள நான்தாங்க,” என்றாள். “பஸ்ஸு வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஏன்னு சொல்றேன், கேட்டுக்குங்க.”

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். அவள் தொடங்கிவிட்டாள்.